எல்லா வேலையும் முடிந்த பிறகு மனத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் "பிறகு" எப்போது வருகிறது?

மாலைநேரப் பேருந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது இங்கிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. நாங்கள் இருந்த லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். எனக்கு வயது 38. தொழிற்சாலையில் மாறி மாறி வரும் ஷிப்டு வேலை, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமியார், வாரத்தில் நான்கு நாள் லாரியில் வெளியூர் செல்லும் கணவர் என்று என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

மனநலத்திற்கு முன்னுரிமை கொடுங்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். எதற்கு முன்னால் அதை வைப்பது என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதற்கு முன்னாலா, பிள்ளைகளின் சீருடைக்கு இஸ்திரி போடுவதற்கு முன்னாலா?

நடந்ததை அப்படியே சொல்கிறேன். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் நான் உடனே இறங்குவதில்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல், கண்ணாடியை மேலே தூக்காமல், பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். கழற்றிவிட்டால் உள்ளேயிருந்து அழைக்கும் குரல்கள் காதில் விழும் என்பதுதான் காரணம். முதலில் அது களைப்பு என்று நினைத்தேன். சென்ற மாதம் வேலையிடத்தில் பெட்டிகளை எண்ணும்போது மூன்று முறை கணக்குத் தவறி, கழிவறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டு அழுதேன். மேற்பார்வையாளர், வீட்டுக் கவலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். வைத்துவிட்டு வருவதற்கு வீட்டில் இடம் எங்கே இருக்கிறது?

உங்கள் அன்றாட வாழ்க்கையில் நீங்கள் உண்மையாகவே செய்வது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

தங்கையின் மனத்தைப் புண்படுத்த நான் எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. என் தாயார் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, ஏழு பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போனவர். அவர் ஒருநாளும் மனம் சரியில்லை என்று சொன்னதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மனத்தைக் கேட்டு நடக்கத் தொடங்கினால் வேலையை யார் பார்ப்பது?

இன்னொன்றும் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போனார் என்ற பேச்சு வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு வரன் அமைவதே கடினமாகிவிடும். நம் வட்டாரத்தில், மனநல மருத்துவமனை இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். சின்ன வயதில் நானும் அப்படிச் சொல்லிப் பிறரைக் கேலி செய்திருக்கிறேன். பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நம் பெரியவர்கள் நினைத்ததில் தவறில்லை என்பது என் எண்ணம்.

பழைய வெட்டுக்காரி எழுதியது:

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், சொல்வது நான். எனக்கு 67 வயது. 14 வயதில் அம்மாவோடு நிரைக்குள் இறங்கி, தோட்டம் விற்கப்படும் வரை ரப்பர் மரங்களில் பால் வெட்டியவள்.

தம்பி, உங்கள் தாயார் சொல்லவில்லை என்கிறீர்கள். அவரை யாராவது கேட்டார்களா?

இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவோம். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பால் நன்றாக இறங்கும்; வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் முன்பகல் முடிவதற்குள் வெட்டும் முடிந்து, பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுபோய்விடுவோம். வேலை கடுமைதான், கொசுவும் அட்டையும் உண்டுதான். ஆனால் பிற்பகல் நம்முடையது. கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டே புருஷன் அடித்ததையும், மாமியார் பேசியதையும், சம்பளத்தில் பிடித்ததையும் ஒருத்தியிடம் ஒருத்தி கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். அதற்கு மனநலம் என்று பெயர் வைக்க எங்களுக்குத் தெரியாது. இப்போது தாமானில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வருகிறது. வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாய்விட்டுப் பேசுவதற்குக் காரணமாக இருந்த அந்தக் குழாய் போய்விட்டது. அன்று இடமே கொடுத்ததை இன்று நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக முயன்று தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது லயத்தில் ஒரு பெண் இருந்தாள். தலைப்பிரசவம் முடிந்து பத்து நாளில் பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள், மிளகாய்ப் புகை போட்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவள் குணமாகித் திரும்பி வந்தாள். ஆனால் அந்த மூன்று மாதத்தை அவளுக்கு யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று மிளகாய் வறுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆண்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் வாய் திறப்பதற்குச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வேண்டியிருந்தது. எத்தனை வீடு அதில் அழிந்தது என்பது உங்களுக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. எங்கள் தோட்டத்தில் ஒரு மரத்தை இன்று வெட்டினால் நாளை வெட்ட மாட்டோம்; ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஆசைப்பட்டு அளவுக்கு மீறி வெட்டினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கத்தியை இழுத்தால் கோடு முழுவதும் பால் வராமல் இங்கொரு துளி அங்கொரு துளி வரும், பிறகு பட்டை உள்ளே பழுப்பாகி, சுத்தமாக வறண்டுவிடும். அந்த மரத்தை யாரும் திட்டுவதில்லை. வெட்டாமல் விட்டுவைப்பார்கள், மாதக்கணக்கில் விட்டால் சில மரம் மறுபடியும் பால் கொடுக்கும், சில மரம் கொடுக்காது. அம்மா, நீ வண்டியில் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது எனக்கு அந்தத் துளித் துளியாக வந்த பால்தான் ஞாபகத்திற்கு வந்தது. முழுவதும் வறண்டுபோகும்வரை காத்திருக்காதே.

வெள்ளைக் காலணி எழுதியது:

நான் பேராவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாகப் பணிபுரிகிறேன். அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடக்க வேண்டியிருந்தது. கிளினிக்கிற்குள் என்ன நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பதால் அதை விளக்கமாக எழுதுகிறேன்.

தஞ்சோங் ரம்புத்தானுக்கு அருகிலுள்ள மருத்துவமனை 1911ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அன்று அதன் பெயரே பித்தர் காப்பகம் என்ற பொருளில்தான் இருந்தது. பிற்காலத்தில் மகிழ்ச்சி என்று பொருள்படும் பஹாகியா என்ற பெயர் வந்தது. ஆனால் நம் வாயிலிருந்து பழைய அச்சம் போகவில்லை. மனச்சோர்வோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய தேவையே இல்லாதவர்கள். அவர்களை முதலில் பார்ப்பது உங்கள் ஊர் கிளினிக்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வருகிறவர்கள் எடுக்கும் அதே வரிசை எண்தான்.

உங்களிடம் ஒரு தாள் கொடுக்கப்படலாம். பரவலாகப் பயன்படும் ஒரு தாளில் 9 கேள்விகள் இருக்கும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, பசி எப்படி, கவனம் சிதறுகிறதா, உங்களையே நீங்கள் தோல்வியாக நினைத்தீர்களா, வாழ்வதைவிடச் சாவது மேல் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. அந்த எண்ணே நோயைத் தீர்மானித்துவிடாது. மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இரண்டு வாரம் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் அழுகை எல்லாருக்கும் வரும். பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்திற்கு மேல் அப்படியே நீடித்து அன்றாட வேலையைக் கெடுத்தால்தான் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகப் பார்க்கிறோம். கணக்குத் தவறியது, தனியே அழுதது என்று சகோதரி எழுதியிருப்பவை கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

இரத்தப் பரிசோதனையும் எடுக்கக் கூடும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் இதே சோர்வு வரும். பெண்கள் பலர் அது தெரியாமலே ஆண்டுக்கணக்கில் தங்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை தேவைப்பட்டால், அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். முதல் வாரத்தில் வயிற்றுக் குமட்டல் மட்டும் வந்துவிட்டுப் பலன் தெரியாததால் பாதியில் விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேறிய பிறகும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. மேற்கொண்டு உதவி வேண்டுமானால் மருத்துவமனை நிபுணரிடமோ, சமூகத்திற்குள் இயங்கும் மென்தாரி மனநல நிலையத்திற்கோ கடிதம் கொடுப்பார்கள்.

அண்ணன் செம்பனைக்காட்டானுக்கு: நீங்கள் தனி ஒருவரின் பலவீனம் என்று நினைப்பது தேசிய சுகாதார ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, அதாவது இரு மடங்கு. முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்திய 309ஆம் பிரிவும் 2023இல் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணம் யாருக்காவது வந்தால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ரவாங் வாடகை வீடு எழுதியது:

நான் சுங்கை சிப்புட் பையன். இப்போது ரவாங்கில் நான்கு பேரோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். 27 வயது.

எனக்கு எது உதவவில்லை என்பதை முதலில் சொல்கிறேன். விடியற்காலை ஓட்டம், தியானச் செயலி, நன்றியுணர்வுக் குறிப்பேடு, மூன்றும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை. தாண்டாததே புதுக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

என் தூக்கத்தைக் கெடுத்தது கடன். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கியது. தொகை எவ்வளவு என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயந்து, இரவில் இரண்டு டின் பியர் குடித்துவிட்டுப் படுப்பேன். உடனே தூங்கிவிடுவேன், ஆனால் 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துவிடுவேன். மதுதான் பின்னிரவுத் தூக்கத்தைக் கலைக்கிறது என்று பின்னால் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று முழுவதையும் எழுதினேன். எழுதி முடிக்கும்போது கை நடுங்கியது. தொகை குறையவில்லை, ஆனால் அன்றுதான் அக்காவிடம் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். இப்போது அவரும் நானும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். பியரை வெள்ளிக்கிழமை இரவு மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவை இரவு 10 மணிக்கு மேல் பார்ப்பதில்லை. அவசரமென்றால் அழைக்கும்படி சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் அழைக்கவில்லை.

அக்கா, நீங்கள் முதலில் உங்கள் சுமையைத் தாளில் எழுதிப் பாருங்கள். அதில் ஏதாவது ஒன்று வேறொருவர் தூக்கக்கூடியதாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

"முன்னுரிமை" என்ற சொல்லைப் பற்றித்தான் சகோதரி கேட்டிருக்கிறார். நம் ஊர்க்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும் என்றே நினைக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாள்களில், 1960இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நாளுக்குச் சில வெள்ளி ஊதியம் பெற்ற தொழிலாளர்கள் எப்படிப் பங்குப்பணம் கட்டினார்கள்? என் தந்தை சம்பளத் தாள் கைக்கு வந்ததும் அந்தப் பணத்தை முதலில் தனியே எடுத்து வைப்பார்; மீதியில்தான் மளிகைக் கடைக் கணக்கு. மிஞ்சினால் கட்டலாம் என்று நினைத்திருந்தால் ஒரு மாதமும் கட்டியிருக்க முடியாது. நேரத்தையும் அப்படித்தான் எடுக்க வேண்டும். சகோதரி வண்டியில் உட்காரும் பத்து நிமிடத்தை ஒளித்து எடுக்கிறார்; அதையே வீட்டாருக்குச் சொல்லி எடுத்தால் அது வேறாகிவிடும் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அச்சம் அதோடு நீங்கவில்லை. 2022ஆம் ஆண்டின் ஆய்வில் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்ந்திருந்தார். என் வகுப்பில் தலைசிறந்த மாணவி ஒருத்தி, இடைநிலைப் பள்ளிக்குப் போன இரண்டாம் ஆண்டில் என்னைச் சந்தித்து, "சார், வீட்டில் எல்லாரும் களைத்திருக்கிறார்கள், நான் யாரிடம் சொல்வது?" என்று கேட்டாள். அம்மா தன் மனத்தைப் பார்த்துக்கொள்வதைப் பார்த்துத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் தாயாரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் கடைசிக் காலத்தில் மாலையில் விளக்குப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி தவறி ஒன்றரை ஆண்டாகிறது. செம்பனைப் பழக்குலை வெட்டும் கும்பலுக்கு நான் மண்டோர், அதாவது கங்காணி. 6 மணிக்குப் போனால் போதும். ஆனால் 4 மணிக்கே போய் லாரிக் கொட்டகையில் தனியே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. தங்கை தலைக்கவசத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கோபமாக எழுதினேன் போலும். மன்னித்துவிடுங்கள்.

தாதி அவர்களிடம் ஒரு கேள்வி. அந்தத் தாளை எல்லார் முன்னிலையிலும் நிரப்ப வேண்டுமா?

வெள்ளைக் காலணி எழுதியது:

இல்லை, அண்ணன். அறைக்குள் நிரப்பலாம். எழுத விருப்பமில்லையென்றால் நாங்கள் கேட்டு எழுதிக்கொள்வோம். முகப்பில் காரணம் கேட்டால், தூக்கம் வரவில்லை என்று சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல.

மாலைநேரப் பேருந்து எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்று கணவர் வந்ததும் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தேன். பதினேழு வரிகள் இருந்தன. அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து, மாமியாரின் மருந்து வாங்குவது, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம், கேஸ் தோம்பு மாற்றுவது என்று ஆறு வரிகளுக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். காலைப் பத்து நிமிடத்தையும் சொல்லிவிட்டேன். இனி அதை வண்டியில் அல்ல, பின்கட்டில் நாற்காலி போட்டு எடுத்துக்கொள்கிறேன். பெரியவள் அதுவரை பாட்டியிடம் இருப்பாள்.

மாமியாரின் தங்கை, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று சாமி பார்ப்பவர் ஒருவரிடம் 300 வெள்ளிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துகொள்கிறேன், அது எனக்கு ஆறுதல்தான். ஆனால் முதலில் கிளினிக்கிற்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் மூன்று மாதம் என் மனத்தில் இருந்தது.

வேலையைப் பற்றிய பயமும் சற்றுக் குறைந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு என்று தெரிந்தும், நான் இதுவரை காய்ச்சலுக்கு மட்டும்தான் அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை காலை எனக்கு ஷிப்டு இல்லை, அன்று போகலாம். ஒரே சிக்கல், கணவர் அன்று குவாந்தானில் இருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மாமியாரை நான்கு மணி நேரம் தனியே விட முடியாது.

பழைய வெட்டுக்காரி எழுதியது:

நான் உட்காருகிறேன். உன் தாமான் எது என்று பேத்தியின் உள்பெட்டிக்கு எழுது. படுத்திருப்பவரைத் திருப்பிப் போட எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரை மூன்று வருடம் பார்த்தவள்.

செம்பனைக்காட்டான் எழுதியது:

அம்மாவை நான் வேனில் அழைத்து வருகிறேன். அம்மாவை இறக்கிவிட்டு, தங்கையையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்கிற்குப் போகலாம். எனக்கும் அங்கே ஒரு எண் எடுக்க வேண்டியிருக்கிறது. 7.30க்கு வந்தால் சரியாக இருக்குமா?

மாலைநேரப் பேருந்து எழுதியது:

சரியாக இருக்கும், அண்ணன். அம்மா, மாமியாருக்குக் கஞ்சி செய்து ஃபிளாஸ்கில் வைத்துவிடுகிறேன். அவருக்கு உப்புக் குறைவாக இருக்க வேண்டும். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தால்தான் விழுங்குவார். உங்களுக்குத் தேநீருக்குச் சீனி போடலாமா?